கலக்காத பிளாஸ்டிக்கும் பிளாக் கோபாலிமரும்: ரங்கூன்ல எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

ரங்கூன் தெற்கு டகோன்ல ஒரு சின்ன பட்டறையில எக்ஸ்ட்ரூடர் ஓட்டுறேன், அதாவது சூடான குழாய்க்குள்ள ஸ்க்ரூ சுத்தி பிளாஸ்டிக்க உருக்கித் தள்ளுற மெஷின், பழைய பிளாஸ்டிக்க அரைச்சு கழுவி திரும்ப தானாவா, அதாவது குருணையா இழுக்குற வேலை. நம்ம ஆளுங்க நாலஞ்சு பேரு இதே தொழில்ல இருக்காங்க, கோயிலுக்குப் போனாலும் டீக்கடையில உக்காந்தாலும் இந்த கம்பேட்டிபிலைசர், அதாவது கலக்காத பிளாஸ்டிக்குங்கள சேத்து வைக்கிற சரக்கு, அந்தப் பேச்சு வந்துருது, ஒரே கேள்விய ஆளாளுக்கு வேற வேற மாதிரி கேக்குறாங்க. எழுதி வச்சுட்டா கேக்குறவங்களுக்கு அனுப்பிட்டு நான் என் டீய சூடா குடிக்கலாம்னுதான் இது. கேள்வி எல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. பட்டறைப் பேச்சுல பிஎஸ்னா பாலிஸ்டைரீன், பிபின்னா பாலிபுரொப்பிலீன், பிஇன்னா பாலிஎத்திலீன், அதுல அடர்த்தி கம்மியானது எல்டி, கூடுனது எச்டி, பெட்னா தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்.

அண்ணே, ரெண்டும் பிளாஸ்டிக்தானே, ஒண்ணா உருக்குனா ஏன் ஒட்ட மாட்டேங்குது?

பொரியையும் பொட்டுக்கடலையையும் டப்பாவுல போட்டு ரெண்டு குலுக்கு குலுக்குனா கலந்துரும். இப்ப பொரிய ஆயிரம் ஆயிரமா நூல்ல கோத்துக்கோங்க, கடலையையும் அப்படியே கோத்துக்கோங்க, அப்புறம் குலுக்கிப் பாருங்க, மாலை மாலையாத்தான் புரளுமே தவிர கலக்காது. பிளாஸ்டிக் மூலக்கூறு அந்த மாலை. சின்ன மூலக்கூறுங்க கொஞ்சம் பிடிக்காட்டிகூட கலந்துரும், ஏன்னா தாறுமாறா கெடக்குறதுக்கு அதுங்களுக்கு ஏகப்பட்ட வழி இருக்கு, சங்கிலியா கோத்துட்டா அந்த வழியெல்லாம் அடைஞ்சு போயிருது, அதனால துளியூண்டு பிடிக்காட்டியும் பிரிஞ்சு நின்னுக்கும். இத கணக்கா போட்டுக் காட்டுனது ஃப்ளோரி, ஹக்கின்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க, 1940கள் ஆரம்பத்துல. ஃப்ளோரிக்கு 1974ல நோபல் பரிசு குடுத்தாங்க.

பிரிஞ்சா என்ன ஆகும்னா, கம்மியா இருக்குற பிளாஸ்டிக் சொட்டு சொட்டா மத்ததுக்குள்ள கெடக்கும். சொட்டோட எல்லையில ரெண்டு பக்க சங்கிலியும் சில நானோமீட்டர் தூரம்தான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும், அது பின்னிக்கிறதுக்கு பத்தாது. ஆறுன பிறகு வளைச்சா விரிசல் அந்த எல்லையப் பிடிச்சு ஓடிரும், அவ்வளவுதான் விஷயம்.

பிஎஸ்சும் எல்டியும் சேராது சரி, பிபியும் எல்டியும் அண்ணன் தம்பி மாதிரிதானே இருக்கு, அதுவுமா?

அதுவும்தான். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ரெண்டுலயும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான், தண்ணியில போட்டா ரெண்டும் மிதக்கும், அதனாலயே பிரிக்கவும் கஷ்டம். ஆனா பிபியில ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பன்ல ஒரு மீத்தைல் தொங்குது, அந்த ஒண்ணு போதும், நீளச் சங்கிலிக்கு சின்ன வித்தியாசமே பெருசு. சண்டை கம்மிங்கிறதால சொட்டு கொஞ்சம் சின்னதா விழும், ஆனா ஆறும்போது ரெண்டும் தனித்தனியா படிகமாகி விலகிக்கும்.

உண்மையாவே கலக்குற ஜோடிங்களும் இருக்கு, விரல் விட்டு எண்ணலாம். பாலிஸ்டைரீனும் பிபிஓவும் (பாலிஃபெனிலீன் ஆக்சைடு) எந்த விகிதத்துலயும் முழுசா கலக்கும், 1960கள்ல ஜிஇ கம்பெனி நோரில்னு வித்ததே அந்தக் கலவைதான். அது அதிர்ஷ்டக் கல்யாணம், நம்ம பட்டறைக்கு வர்றது எதுவும் அப்படி இல்ல.

பிளாக் கோபாலிமர்னா என்ன? சாதா கோபாலிமருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

மாலையே கட்டுவோம். மல்லியும் கனகாம்பரமும் கலந்து கலந்து கட்டுனா அது ரேண்டம் கோபாலிமர். முதல் முழம் பூரா மல்லி, அடுத்த முழம் பூரா கனகாம்பரம்னு ஒரே நார்ல கட்டுனா அது பிளாக். ரெண்டு துண்டுன்னா டைபிளாக், நடுவுல ஒண்ணும் ரெண்டு ஓரத்துல இன்னொண்ணும் இருந்தா டிரைபிளாக். நார் ஒண்ணுதான்கிறதுதான் முக்கியம், ரெண்டு துண்டுக்கும் ஒண்ண ஒண்ணு பிடிக்காட்டியும் பிச்சுக்கிட்டு ஓட முடியாது.

இப்படி வரிசையா கட்ட வழி கண்டுபிடிச்சது மைக்கேல் ஸ்வார்க்ங்கிற வேதியியல்காரர், 1956ல. சங்கிலி சாகாம உயிரோட காத்துக்கிட்டே இருக்குற முறை அது, முதல் சரக்கு தீந்ததும் அடுத்த சரக்க ஊத்துனா விட்ட எடத்துல இருந்து வளரும். பத்து வருஷத்துக்குள்ள ஷெல் கம்பெனி எஸ்பிஎஸ் (ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன்) டிரைபிளாக் ரப்பர கிராட்டான்னு சந்தைக்கு விட்டுருச்சு, செருப்பு சோல்ல இருக்கே அதே சாதி சரக்கு.

அது உள்ள போயி என்னதான் பண்ணுது? சோப்பு மாதிரின்னு எல்லாரும் சொல்றாங்களே

சோப்பு உதாரணம் பாதி வரைக்கும்தான் சரி, அந்த மீதிப் பாதியில்தான் எல்லாரும் காசு விடுறாங்க. மொதல்ல சரியான பாதி. பிளாக் கோபாலிமர் சங்கிலி எல்லையில போயி உக்காரும், ஒரு துண்டு இந்தப் பக்கம், ஒரு துண்டு அந்தப் பக்கம். நம்ம பக்கம் தமிழும் பர்மாவும் பேசுற தரகர் ரெண்டு கடைக்கும் நடுவுல நிக்கிறாரே அப்படி. அவர் நின்னதும் எல்லை இழுவிசை குறையும், பாலிஸ்டைரீன் பாலிஎத்திலீன் எல்லையில மீட்டருக்கு 5 மில்லிநியூட்டன் கிட்ட இருக்கும், அது குறைஞ்சா அதே ஸ்க்ரூ அதே வேகத்துல சொட்ட இன்னும் சின்னதா கிழிக்கும்.

ஆனா சொட்டு கிழியிறது பெரிய விஷயமே இல்ல, ஸ்க்ரூவுக்குள்ள சொட்டுங்க கிழிஞ்சுக்கிட்டேயும் மோதி சேந்துக்கிட்டேயும்தான் இருக்கும், கடைசியில எது ஜெயிக்குதுங்கிறதுதான் அளவு. சொட்ட சுத்தி கோபாலிமர் முடி மாதிரி நின்னுட்டா ரெண்டு சொட்டு கிட்ட வர்றப்ப அந்த முடி நசுங்கி தள்ளி விட்டுரும், சேர விடாது. இழுவிசை குறையிறத விட இந்த தடுப்புதான் பெரிய வேலைன்னு நான் சொல்லுவேன்.

இப்ப சோப்புல இல்லாத பாதி. ஆறுன பிறகு அந்த சங்கிலி தையல் மாதிரி வேலை செய்யணும், ரெண்டு துணிக்கும் நடுவுல ஓடுற நூலு. ஒவ்வொரு துண்டும் தன் பக்கத்து சங்கிலியோட நல்லா பின்னிக்கிட்டாதான் இழுக்கும்போது உருவிக்காம தாங்கும். சொட்டு சின்னதாகியும் தையல் இல்லாம போனா பாக்க அழகா இருக்கும், அடிச்சா உடையும். சோப்பு எதையும் தைக்காது.

போட்டதும் ரெண்டும் கரைஞ்சு ஒண்ணாயிருமா?

ஆகாது. ரெண்டு பிளாஸ்டிக்கும் தனித்தனியாத்தான் இருக்கும், தனித்தனி உருகுநிலை காட்டும், கண்ணாடி மாதிரி தெளிவும் வராது. சேந்து வாழப் பழகிக்கிது, அவ்வளவுதான்.

எதுக்கு எது போடணும்? எஸ்இபிஎஸ், எஸ்பிஎஸ், ஓபிசின்னு பேரே குழப்புதே மாமா

பேர உடைச்சுப் பாத்தா குழப்பம் போயிரும், ஒவ்வொரு துண்டும் யாருக்கு சொந்தம்னு மட்டும் கேளுங்க. எஸ்இபிஎஸ்ல ரெண்டு ஓரத்துலயும் ஸ்டைரீன், நடுவுல எத்திலீன்-பியூட்டிலீன். ஓரம் பாலிஸ்டைரீனுக்கு சொந்தம், நடு பிபிக்கும் எல்டிக்கும் தூரத்து சொந்தம். அதனால பிஎஸ்சும் எல்டியும், பிஎஸ்சும் பிபியும் கலந்த சரக்குக்கு அதுதான் முதல் தேர்வு. எல்டியும் பிபியும்னா ஓலிஃபின் பிளாக் கோபாலிமர், அதத்தான் ஓபிசின்னு சொல்றாங்க, டௌ கம்பெனி 2006ல இன்ஃபியூஸ்னு கொண்டு வந்தது எத்திலீன் வகை, அதுக்கு அப்புறம் பிபி துண்டும் பிஇ துண்டும் வச்சு இன்ட்யூன்னு ஒண்ணு விட்டாங்க.

எஸ்பிஎஸ் மலிவாச்சே அதையே போடலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. அதோட நடுத்துண்டு பியூட்டாடையீன், அதுல ரெட்டைப் பிணைப்பு நெறைய இருக்கு, 200 டிகிரிக்கு மேல திரும்பத் திரும்ப சூடு பட்டா வெந்து பிசின் பிடிக்கும், கருப்புப் புள்ளி விழும். எஸ்இபிஎஸ்ங்கிறதே எஸ்பிஎஸ்ஸுக்கு ஹைட்ரஜன் ஏத்தி அந்த ரெட்டைப் பிணைப்ப மூடுனதுதான். ஏற்கெனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்துட்டு வர்ற பிளாஸ்டிக்குக்கு எஸ்இபிஎஸ்தான் நல்லது.

நைலானுக்கும் பெட்டுக்கும் மெலேயிக் போட்டது வாங்குன்னு சொன்னாங்க, அதுவும் பிளாக்கா?

ஒரு வகையில. நைலான் சங்கிலியோட முனையில அமீன் இருக்கு, மெலேயிக் அன்ஹைட்ரைடு அதக் கண்டா கப்புன்னு பிடிச்சுக்கும். மெலேயிக் ஒட்டுன எஸ்இபிஎஸ் இல்லாட்டி மெலேயிக் ஒட்டுன பிபி போட்டா பேரலுக்குள்ளயே, அதாவது ஸ்க்ரூ சுத்துற குழாய்க்குள்ளயே, எல்லையிலயே புது கோபாலிமர் உருவாயிரும். வெளிய செஞ்சு கொண்டு வர்றதவிட தேவைப்பட்ட எடத்துலயே பிறக்கிறது புத்திசாலித்தனம், எல்லையத் தேடி அலைய வேண்டியதில்ல.

பெட்டுக்கு மெலேயிக் அவ்வளவு வேகமா பிடிக்காது, கிளைசிடைல் மெத்தாக்ரிலேட் இருக்குற எத்திலீன் கோபாலிமர் நல்லா பிடிக்கும். ஆனா அது அளவு மீறுனா உள்ளுக்குள்ள வலை பின்னி உருகல் கட்டியாயிரும், மெஷின் ஆம்பியர் ஏறுறதுலயே தெரிஞ்சுரும்.

எவ்வளவு போடணும்? கூடப் போட்டா இன்னும் நல்லா வரும்ல?

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 20 சதவீதம் சொட்டா இருக்கு, சொட்டு ஒவ்வொண்ணும் 1 மைக்ரான் குறுக்களவுன்னு வச்சுக்கோங்க. ஒரு கனசென்டிமீட்டர்ல எல்லையோட பரப்பு 1.2 சதுர மீட்டர் வரும், 25 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 30,000 சதுர மீட்டர், நாலு ஃபுட்பால் மைதானத்துக்கு மேல. அம்புட்டு எல்லைக்கும் தரகர் வேணும். அப்படியும் சங்கிலியோட எடைய வச்சு கணக்கு போட்டா 2 சதவீதம் பக்கம் போதும்னு வரும். எல்லாம் எல்லைக்குப் போயி சேராதுங்கிறதால நடைமுறையில 3ல இருந்து 7 சதவீதம் போடுறோம்.

அதுக்கு மேல போட்டா எல்லை நெறைஞ்சு போயி மிச்சம் இருக்குறது தங்களுக்குள்ள கூட்டம் போட்டு மைசெல்னு சின்னச் சின்ன உருண்டையா சும்மா கெடக்கும். எஸ்இபிஎஸ் ரப்பர்ங்கிறதால சரக்கோட விறைப்பும் குறையும், நாற்காலிக் காலுக்குப் போட்டா வளையும். இன்னொண்ணு காசு. ரங்கூன்ல இன்னும் வீசைக் கணக்குதான், வீசை தமிழ்நாட்டுல இருந்து வந்த சொல்லுதான்னாலும் பர்மா வீசை 1.63 கிலோ, தமிழ்நாட்டு வீசைய விட கூட. ஒரு வீசை எஸ்இபிஎஸ் வாங்குற காசுல கழுவுன தானா பல வீசை வாங்கலாம், அதனால 3, 5, 7ன்னு மூணு சின்ன பேட்ச் போட்டு எங்க முன்னேற்றம் நிக்குதோ அதுக்கு மேல போகாதீங்க.

துண்டு நீளமா இருந்தா நல்லதா குட்டையா இருந்தா நல்லதா?

இத கேட்டது பொறியியல் படிக்கிற தங்கச்சி, நல்ல கேள்வி. தையல்னு மேல சொன்னேன்ல, அதுக்கு குறைஞ்சபட்சம் ஒரு நீளம் வேணும், இல்லாட்டி பின்னிக்க முடியாது. பாலிஸ்டைரீன் சங்கிலி ஒண்ணோட ஒண்ணு முடிச்சு விழ மூலக்கூறு எடை 18,000 பக்கம் தேவை, பாலிஎத்திலீனுக்கு ஆயிரத்த ஒட்டியே போதும். துண்டு இத விட குட்டையா இருந்தா சொட்ட சின்னதாக்கும், ஆனா இழுத்தா வெண்ணெயில இருந்து முடி உருவுற மாதிரி வந்துரும்.

அதுக்காக ரொம்ப நீளமா போனாலும் வம்பு. பேரலுக்குள்ள சரக்கு இருக்குறது ரெண்டு மூணு நிமிஷம்தான், பெரிய சங்கிலி அதுக்குள்ள எல்லைக்கு நகந்து போயி சேராது, வழியிலயே மைசெல்லா மாட்டிக்கும். பின்னிக்கிற நீளத்துக்கு சில மடங்கு, உருகல் ஓடுற மாதிரி இருக்குற கிரேடு, அதுதான் தேடணும்.

எங்ககிட்ட சிங்கிள் ஸ்க்ரூதான் இருக்கு, பத்துமா?

பத்த வைக்கலாம், ஆனா சிங்கிள் ஸ்க்ரூ தள்ளுறதுல கில்லாடி, கலக்குறதுல சோம்பேறி. உருகி ஓடும்போது ரெண்டு சரக்கோட கெட்டித்தன்மையும் பக்கத்துல இருக்கணும். சொட்டா போறது சுத்தி இருக்குறத விட நாலு மடங்குக்கு மேல கெட்டியா இருந்தா வெறும் உராய்வு ஓட்டம் அதக் கிழிக்காது, சொட்டு உருண்டுக்கிட்டே போகும், ஜி.ஐ. டெய்லர்ங்கிற விஞ்ஞானி 1930கள்லயே இதுக்கு வழி போட்டுக் குடுத்துட்டாரு. நாங்க மொதல்ல கோபாலிமரையும் கம்மியா இருக்குற பிளாஸ்டிக்கையும் சேத்து ஒரு தடவ இழுத்து மாஸ்டர்பேட்ச் மாதிரி, அதாவது கெட்டியான முன்கலவையா பண்ணி வச்சுக்கிட்டு, அத மெயின் சரக்கோட ரெண்டாவது தடவ இழுக்குறோம். கரண்ட் செலவு கூடும், ஆனா ட்வின் ஸ்க்ரூ வாங்குற காசு எங்க ஓனர்கிட்ட கேட்டா அன்னைக்கு டீ கூட கிடைக்காது.

கரண்ட் போயி சரக்கு பேரல்லயே அரை மணி நேரம் நின்னுருச்சு, அத என்ன பண்றது?

ரங்கூன்ல இத கேக்காத ஆளே இல்ல. ஸ்க்ரூ நின்னதும் கிழிக்கிற வேலை நின்னுரும், சேர்ற வேலை நிக்காது. கோபாலிமர் இல்லாத சரக்குல சொட்டுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருத்துக்கிட்டே போகும், திரும்ப ஓட்டுனா முதல்ல வர்ற ஸ்ட்ராண்டு (மெஷின் வாயில இருந்து வர்ற பிளாஸ்டிக் கம்பி) நூல் நூலா கிழியும். கோபாலிமர் இருந்தா நான் மேல சொன்ன முடி காவல் நிக்கிறதால சொட்டு பெருசா மாறாது, எங்க பட்டறையில வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சுச்சு, ஒரே நாள்ல ஒரே மெஷின்ல.

ஆனா சூட்டுல வெந்து போறத கோபாலிமர் தடுக்காது. ஹீட்டர் ஆறுறதுக்குள்ள பேரல் ஓரமா இருக்குறது கருகும், உள்ள பிவிசி துண்டு ஏதாச்சும் மாட்டியிருந்தா அமில நாத்தம் அடிக்கும், அத பூரா வெளிய தள்ளிட்டுதான் அடுத்த வேலை.

லேப் எதுவும் இல்ல, வேலை செஞ்சுச்சான்னு எப்படித் தெரியும்?

திங்யானுக்கு, அதாவது பர்மா தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி ஒருத்தர் தண்ணி ஊத்துற வாளிக்கு எங்ககிட்ட தானா வாங்குனாரு, பிபிதான், ஆனா தயிர் கப்பு பிஎஸ் நெறைய கலந்திருந்துச்சு, நாங்க எதுவும் போடல. வாளி பாக்க ஜோரா இருந்துச்சு. தண்ணி நெரப்பித் தூக்குனதும் பிடி மாட்டுற காது மட்டும் வந்துருச்சு, உடைஞ்ச எடத்த நகத்தால கீறுனா பலாட்டா (நம்ம பரோட்டாதான்) மாதிரி இதழ் இதழா உரியுது. அதுதான் முதல் டெஸ்ட். மோல்டிங்ல சரக்கு உள்ள போற வாய் பக்கத்துல கத்தியால லேசா கீறி நகத்தால உரிச்சுப் பாருங்க, தோல் மாதிரி கழண்டா தையல் விழல.

ரெண்டாவது, பிஎஸ் கலந்த சரக்குன்னா ஸ்ட்ராண்ட நறுக்கி வெட்டு முகத்த பெயின்ட் தின்னர்ல கொஞ்ச நேரம் ஊற வைங்க, காத்தோட்டமான எடத்துல, பீடி பக்கத்துல இல்லாம. பிஎஸ் கரைஞ்சு போகும், பிபி அப்படியே நிக்கும். சொட்டு பெருசா இருந்தா குழி குழியா லென்ஸ்லயே தெரியும், சின்னதா இருந்தா வெறும் மங்கலா மட்டும் இருக்கும். மூணாவது, பட்டைய ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வச்சு வளைக்கிறது, பழைய பேட்சும் புதுசும் பக்கத்துல பக்கத்துல.

சொன்ன மாதிரியே 5 சதவீதம் போட்டோம், ஒண்ணுமே மாறல. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தியும் இருக்கலாம், எனக்கே நடந்துச்சு, எஸ்இபிஎஸ்னு ஒருத்தர் வித்த மூட்டையில பாதி எண்ணெய் ஏத்துன செருப்பு காம்பவுண்டு, கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ஆனா அனேகமா காரணம் வேற. துண்டு யாருக்கும் சொந்தமில்லாத கிரேடா இருக்கும், இல்ல கெட்டித்தன்மை பொருந்தாம இருக்கும், அத மேலயே சொல்லிட்டேன். பெட் இருந்தா ஈரம்தான் முதல் சந்தேகம், 50 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 50 பங்கு) கீழ காய வைக்காட்டி உருகும்போது தண்ணி சங்கிலிய வெட்டிரும், வெட்டுப்பட்ட சங்கிலிய எந்த தரகர் வந்தும் காப்பாத்த முடியாது. மழைக்காலத்துல வெயில்ல காய வச்சேன்னு யாரும் என்கிட்ட சொல்லாதீங்க.

அப்புறம் அழுக்கு. குன்யா, அதாவது வெத்தலைப் பொட்டலம் கட்டுன பையில சுண்ணாம்பும் வெத்தலையும் ஒட்டிக்கிட்டு வரும், மண்ணு வரும், லேபிள் பசை வரும். ஒரு மணல் துகள் 100 மைக்ரான், நாம பாடுபட்டு 1 மைக்ரான் சொட்டு பண்ணியிருக்கோம், விரிசல் எங்க இருந்து கிளம்பும்னு நீங்களே சொல்லுங்க.

அப்ப பிரிக்கவே வேணாம், எல்லாத்தையும் சேத்து அரைச்சு இத தூவிட்டா போதும்ல?

வேணாம் ராசா. ஒவ்வொரு ஜோடி எல்லைக்கும் தனி தரகர் வேணும், அஞ்சு பிளாஸ்டிக்னா பத்து ஜோடி. பெட் உருக 250 டிகிரிக்கு மேல வேணும், பிவிசி 200 பக்கமே கருகி அமிலம் கக்கும், அதுக்கு எந்த கோபாலிமரும் மருந்தில்ல. தண்ணித் தொட்டி மலிவு. பிபியும் எல்டியும் எச்டியும் மிதக்கும், பிஎஸ்சும் பெட்டும் மூழ்கும், மூழ்குனத கெட்டி உப்புத் தண்ணியில போட்டா 1.05 அடர்த்தி பிஎஸ் மேல வரும், 1.38 பெட் கீழயே கெடக்கும். தொட்டியால பிரிக்க முடியாம மிஞ்சுற கலவைக்குத்தான் காசு போட்டு கோபாலிமர், அதாவது பெரும்பாலும் பிபியும் பிஇயும்.

பிபிக்கும் பிஇக்கும் அமெரிக்காவுல புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சாங்களாமே, ஒரு சிட்டிகை போட்டா போதுமாம்?

நடந்ததுதான், 2017ல கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க சேந்து சயன்ஸ் இதழ்ல போட்டாங்க. பிஇ, பிபி, பிஇ, பிபின்னு நாலு துண்டு மாத்தி மாத்தி வச்ச டெட்ராபிளாக், 5 சதவீதம் வரைக்கும்தான் போட்டாங்க, முறியிற கலவை நீளமா இழுபடுற சரக்காயிருச்சு. நாலு துண்டுல என்ன ரகசியம்னா நடுத்துண்டுங்க எல்லையத் தாண்டிப் போயி கொக்கி மாதிரி வளைஞ்சு திரும்பி வருது, எதிர்ப்பக்க சங்கிலிய மாட்டிப் பிடிச்சுக்குது, அதோட ரெண்டு பக்கமும் படிகமாகி உறைஞ்சுருது. டைபிளாக்னா உருவிக்க ஒரு முனை இருக்கு, கொக்கிக்கு உருவிக்க முனையே இல்ல.

எங்க பட்டறைக்கு அது இன்னும் வரல, இப்போதைக்கு ஓபிசியில ஓட்டிக்கிட்டு இருக்கோம். வந்துச்சுன்னா முதல் பேட்ச வாளிக்காரருக்குத்தான் குடுக்கணும், காது இருக்குற எடத்துல தண்ணி நெரப்பித் தூக்கிப் பாத்துருவோம்.